ஹீலா ஆறும் ஹீலா ஆற்றுக்காரர்களும்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில் ஹீலா ஆற்றுப் பழங்குடியினர் தங்கள் வாய்க்காலுக்கு மேல் சூரிய மின்தகடுகளைக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள் என்று சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். மின்தகடு பற்றி யாரும் கேட்கவில்லை, எல்லாரும் ஆற்றைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும்தான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கே: ஹீலா என்பது ஆறா, ஊரா, இனமா? ஓர் இடத்தில் பீமா என்கிறார்கள், இன்னோர் இடத்தில் மரிகோபா என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறதே?

ப: முதலில் அது ஆறு. நியூ மெக்சிகோவின் மேற்கு மலைகளில் பிறந்து, அரிசோனா முழுவதையும் குறுக்கே கடந்து, யூமா நகரத்துக்குப் பக்கத்தில் கொலராடோ ஆற்றில் கலக்கிறது. நீளம் சுமார் 1,040 கி.மீ. ஃபீனிக்ஸ் நகரத்துக்குத் தெற்கே இந்த ஆற்றங்கரையில் ஏறக்குறைய 3,72,000 ஏக்கர் பழங்குடி ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. அந்த நிலத்துக்கும் அதை ஆளும் பழங்குடி அரசுக்கும் ‘ஹீலா ஆற்று இந்தியச் சமூகம்’ என்று பெயர். தலைநகரம் சாக்கடோன், மொத்தம் 7 வட்டங்கள், தேர்தலில் ஜெயித்து வரும் ஓர் ஆளுநர்.

உள்ளே இருப்பது இரண்டு மக்கள். ஒருவர் அகிமெல் ஓதம், ஆற்று மக்கள் என்று பொருள். வெளியார் வைத்த பெயர் பீமா. இன்னொருவர் பீ போஷ், இவர்களைத்தான் வெளியார் மரிகோபா என்கிறார்கள். இரண்டு மொழிக்கும் உறவே கிடையாது, வேறு வேறு மொழிக்குடும்பம். பீ போஷ் மக்கள் கொலராடோ ஆற்றுப் பக்கம் பகையாளிகளிடம் தாக்குப்பிடிக்க முடியாமல் படிப்படியாக ஹீலா வழியே மேலே வந்து, ஆற்று மக்களோடு கூட்டுச் சேர்ந்துகொண்டவர்கள். 1857இல் கொலராடோ பக்கத்திலிருந்து குவெச்சான், மொஹாவி படைகள் திரண்டு வந்து தாக்கியபோது இரண்டு பேரும் சேர்ந்தே அடித்து விரட்டினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய பழங்குடிப் போர் நடக்கவில்லை. இப்படிச் சேர்ந்தவர்கள் இன்று வரை ஒரே அரசுக்குள் இருக்கிறார்கள்.

சால்ட் ரிவர் பீமா-மரிகோபா சமூகம் என்று ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே இன்னொன்று உண்டு. அதுவும் இதே மக்கள்தான். ஏன் பிரிந்து போனார்கள் என்பது கீழே தண்ணீர்க் கதையில் வரும்.

கே: ஆண்டுக்கு 20 செ.மீ. மழைகூடப் பெய்யாத இடத்தில் விவசாயம் செய்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் மிகை இல்லையா?

ப: இல்லை. அங்கே மழையை நம்பி யாரும் விதைக்கவில்லை, ஆற்றை நம்பித்தான் விதைத்தார்கள். ஹீலாவுக்கு வெள்ளம் இரண்டு பருவம். குளிர்கால மழையும் மலைப்பனி உருகுவதும் ஒன்று, கோடையின் இடிமழை இன்னொன்று. இதைப் பிடித்து வாய்க்காலில் விட்டவர்கள் ஹோஹோகம் என்று தொல்லியலார் சொல்லும் முன்னோர்கள். கிட்டத்தட்ட கி.பி. 1450 வரை, ஓர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஹீலாவிலும் அதன் துணையாறான சால்ட் ஆற்றிலும் நூற்றுக்கணக்கான கி.மீ. வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார்கள். இரும்பு கிடையாது, இழுக்க மாடு கிடையாது, எல்லாம் கல்லும் மரமும் கையும். பிறகு ஃபீனிக்ஸ் நகரத்தை உண்டாக்கிய வெள்ளைக்காரர்கள் சில இடங்களில் அதே பழைய வாய்க்கால் தடத்தைத் தூர்வாரித்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மக்காச்சோளம், பூசணி, பருத்தி, அப்புறம் டெப்பரி என்று ஒரு சின்ன பயறு. இந்த டெப்பரியை நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு முறை நன்றாக நனைந்தால் போதும், வேர் ஆழமாகப் போய்விடும், அதற்குமேல் தண்ணீர் விட்டால் காய் குறைந்து இலைதான் பெருக்கும். பாலைவனத்துக்கென்றே செய்த பயிர். 1690களில் கீனோ என்ற ஏசுசபைப் பாதிரியார் இந்தப் பக்கம் வந்தபின் கோதுமையும் வந்து சேர்ந்தது. முன்னால் குளிர்காலத்தில் நிலம் சும்மா கிடக்கும், கோதுமை வந்ததும் வருடம் முழுக்க அறுவடை.

விளைவு என்னவென்றால், 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஓடிய கூட்டத்துக்குத் தெற்குப் பாதையில் சோறு போட்டவர்கள் இவர்கள்தான். பல நூறு மைல் வறண்ட பாதையில் பசியும் தாகமுமாக வந்தவர்களுக்கு இங்கேதான் மாவும் பூசணியும் மாட்டுக்குத் தீவனமும் கிடைத்தன. உள்நாட்டுப் போர் சமயத்தில் வடக்குத் தரப்பின் படைக்கும் இவர்கள் கோதுமைதான் போனது. அமெரிக்காவோடு ஒருநாளும் சண்டை போடாத இனம் என்பதையும் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: அப்படியானால் ஆற்றுத் தண்ணீர் எங்கே போயிற்று? யார் எடுத்தார்கள்?

ப: ஆற்றில் மேலே, நீர் வரும் பக்கம் குடியேறியவர்கள் எடுத்தார்கள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

1848இல் மெக்சிகோவோடு போர் முடிந்தபோது ஹீலா ஆறுதான் எல்லைக்கோடு. 1854இல் அமெரிக்கா தெற்குப் பக்கத்தையும் விலைக்கு வாங்கியது. 1859இல் இவர்களுக்கு ஒதுக்கீட்டு நிலம் அளந்து கொடுத்தார்கள். அப்போது அது சுமார் 64,000 ஏக்கர், பிற்பாடுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. நிலம் கொடுத்தவர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 1860களின் கடைசியில் ஃப்ளாரன்ஸ் ஊர்ப் பக்கம் குடியேறிகள் வந்தார்கள், 1870களில் அதற்கும் மேலே சாஃபோர்டு பள்ளத்தாக்கில் இன்னொரு கூட்டம். ஒவ்வொருவரும் ஆற்றில் ஒரு வாய் வெட்டினார்கள். 1880களில் ஃப்ளாரன்ஸில் பெரிய வாய்க்கால் வந்ததும் கீழே இருந்தவர்களுக்குக் கோடையில் மணல்தான் மிஞ்சியது.

தண்ணீர் குறைய ஆரம்பித்ததுமே ஒரு பகுதி மக்கள் சால்ட் ஆற்றுப் பக்கம் போய்விட்டார்கள், முன்னே சொன்ன அந்த இரண்டாவது சமூகம் அப்படி உண்டானது, 1879இல் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கொடுத்தார்கள். இருந்தவர்கள் 1890களில் பட்டினி கிடந்தார்கள். ஊருக்கெல்லாம் கோதுமை விற்றவர்கள், மெஸ்கீட் என்ற பாலைவன முள்மரத்தை வெட்டி விறகாக விற்றுச் சாப்பிட்டார்கள், அரசாங்கம் கொடுத்த தானியத்துக்குக் கையேந்தினார்கள். போர் செய்து தோற்றிருந்தால்கூட ஒரு ஒப்பந்தமாவது எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சண்டை போடாமல் நல்லவர்களாக இருந்ததற்குக் கிடைத்தது இதுதான்.

இதற்குப் பரிகாரமாகக் கட்டியது கூலிட்ஜ் அணை. 1924இல் சட்டம், 1930இல் திறப்பு. பீமாக்களுக்கு 50,000 ஏக்கர், பழங்குடி அல்லாதவர்களுக்கு 50,000 ஏக்கர் என்று பாசனத்தைப் பாதியாகப் பங்கு போட்டார்கள், பீமாக்களின் பெயரைச் சொல்லி வாங்கிய அணையில்! அணை கட்டிய இடமோ சான் கார்லோஸ் அப்பாச்சிகள் என்ற இன்னொரு பழங்குடியினருடையது. அவர்களுடைய ஊர் மூழ்கியது, இடுகாட்டின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடினார்கள். இத்தனைக்குப் பிறகும் நீர்த்தேக்கத்தில் நீர் சேரவில்லை. திறப்பு விழாவில் முன்னாள் அதிபர் கூலிட்ஜை வைத்துக்கொண்டே நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸ், இது என் ஏரியாக இருந்தால் புல் வெட்டியிருப்பேன் என்று சொன்னதாக அரிசோனாவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். தேக்கத்தின் தரையில் அவ்வளவு புல்.

கே: நீதிமன்றத்துக்குப் போகவில்லையா? முதலில் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பதுதானே அமெரிக்க மேற்குப் பகுதிச் சட்டம்?

ப: அதுதான் சட்டம், அதுவும் இவர்களுக்குச் சாதகமான சட்டம். அதற்கும் மேலே, 1908இல் மொன்டானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பழங்குடிக்கு நிலம் ஒதுக்கினால் அதற்கான தண்ணீரும் சேர்ந்தே ஒதுக்கியதாக அர்த்தம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வின்டர்ஸ் தீர்ப்பு என்பார்கள். ஹீலா விஷயத்தில் 1935இல் வந்த நீதிமன்ற ஆணையும் இவர்கள் உரிமை நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து வருகிறது, எல்லாருக்கும் முந்தியது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, அளவை மட்டும் குறைத்துக் கொடுத்தது. ஆற்றில் இல்லாத தண்ணீரில் முதல் உரிமை இருந்து என்ன செய்ய?

மறுபடி 1970களில் தொடங்கிய வழக்குகளும் பேச்சுவார்த்தைகளும் 2004 டிசம்பரில் அரிசோனா நீர் உடன்பாட்டுச் சட்டத்தில் போய் முடிந்தன. சமூகத்தின் வழக்கறிஞராகப் பல பத்தாண்டுகள் இதை இழுத்துக்கொண்டு போனவர் ராட்னி லூயிஸ். அவர் மகன் ஸ்டீபன் ரோ லூயிஸ் பின்னாளில் ஆளுநரானார். உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி. ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி. நம் செய்தித்தாள் கணக்கில் சொன்னால் மொத்தம் 28 டி.எம்.சி. சுமாருக்கு வரும். அதுவரை அமெரிக்காவில் நடந்த பழங்குடி நீர் உடன்பாடுகளில் இதுதான் பெரியது.

இதில் ஒரு விசித்திரம், இந்த 6,53,500இல் 3,11,800 ஏக்கர்-அடி ஹீலா தண்ணீரே கிடையாது. கொலராடோ ஆற்றிலிருந்து சுமார் 540 கி.மீ. கால்வாயில், மலையேற்றி, பாலைவனம் தாண்டி வருவது. மத்திய அரிசோனா கால்வாய்த் திட்டம் என்று பெயர், அதில் தனியொருவருக்கு இருக்கும் பங்குகளில் இவர்களுடையதே பெரியது. ஹீலா ஆற்று மக்களுக்கு, எடுத்த ஆற்றைத் திருப்பித் தரமுடியாமல் வேறொரு ஆற்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

கே: இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்களை அடைத்து வைத்த ஹீலா ரிவர் முகாம் இதே இடமா?

ப: இதே இடம். 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஆணையால் மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள், வீடு வாசலை விட்டுக் கிளப்பப்பட்டார்கள். ஆளில்லாத இடம் தேடியபோது பழங்குடி நிலம் கண்ணில் பட்டது. சமூகம் வேண்டாம் என்றது, கேட்கவில்லை. இரண்டு பிரிவாக முகாம், உச்சத்தில் 13,000க்கும் மேற்பட்டவர்கள். அன்றைய அரிசோனாவில் ஜனத்தொகையில் நான்காவது பெரிய ‘நகரம்’ இந்த முள்வேலி ஊர்தான்.

அடைபட்டவர்களில் கெனிச்சி செனிமுரா என்ற பேஸ்பால்காரர் இருந்தார். பாலைவனத்தில் முள்செடி வெட்டி, நிலம் சமன்செய்து, வேலியிலிருந்து கழி உருவி, இருக்கைகளோடு ஒரு மைதானமே கட்டிவிட்டார். விவசாயக் குடும்பங்களும் நிறைய இருந்ததால் முகாமில் காய்கறி நன்றாக விளைந்து மற்ற முகாம்களுக்கும் போனது. முகாமுக்கு வாய்க்கால் தண்ணீர் கிடைத்தது என்பதைச் சுற்றியிருந்த பீமாக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1945 நவம்பரில் மூடினார்கள். இப்போது அங்கே கான்கிரீட் அடித்தளங்களும் ஒரு நினைவிடமும்தான், பார்க்கச் சமூகத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.

கே: ஐவோ ஜீமாவில் கொடி ஏற்றிய படத்தில் ஒரு பீமா இருக்கிறாராமே?

ப: ஐரா ஹேய்ஸ். சாக்கடோனில் 1923இல் பிறந்தவர், 1945இல் ஜப்பானின் ஐவோ ஜீமா தீவில் நடந்த போரில் அமெரிக்கக் கொடியேற்றிய ஆறு பேரில் ஒருவர், மூன்று பேர் அதே தீவில் செத்துப்போக, மிஞ்சியவர்கள் என்று அப்போது கருதிய மூவரை ஊர் ஊராக அழைத்துப்போய்ப் போர்க்கடன் பத்திரம் விற்றது அரசாங்கம். அவருக்கு அது பிடிக்கவில்லை. குடி, கைது, திரும்பக் குடி என்று போய் 1955 ஜனவரியில், 32 வயதில், ஒதுக்கீட்டு நிலத்திலேயே இறந்துகிடந்தார். எல்லாரும் அந்தக் குடியைத்தான் எழுதுகிறார்கள். படத்தில் இருந்த ஹார்லன் பிளாக் என்ற சக வீரரை வேறொருவர் பெயரில் அடையாளம் காட்டிவிட்டார்கள் என்பதால், 1946இல் இவர் நடந்தும் கிடைத்த வண்டியில் தொற்றியும் டெக்சாஸ் வரை போய், அது உங்கள் பிள்ளைதான் என்று அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அவர் என்றால் அதுதான் நினைவுக்கு வரும்.

கே: ஹீலா பல்லியிலிருந்து சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, புரளிதானே?

ப: அதிசயமாக இது உண்மை. ஹீலா ஆற்றின் பெயரைத் தாங்கிய நச்சுப் பல்லி அது, கறுப்பும் ஆரஞ்சுமாக மணி கோத்ததுபோல் தோல், வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வருடத்தின் பெரும்பகுதி பொந்திலேயே கிடக்கும். 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற ஆய்வாளர் அதன் நஞ்சில் எக்ஸெண்டின்-4 என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். சாப்பிட்டதும் இன்சுலினைத் தூண்டும் நம் உடலின் ஒரு ஹார்மோன் செய்யும் வேலையை அது செய்தது, ஆனால் நம்முடையதைப் போல நிமிடங்களில் சிதையவில்லை. அதைச் செயற்கையாகச் செய்ததுதான் எக்ஸெனடைட் ஊசி, 2005இல் அனுமதி கிடைத்தது. அதே வகையின் பின்தோன்றல்களைத்தான் இன்று உடம்பு இளைக்கவும் போட்டுக்கொள்கிறார்கள், அவை பல்லியிலிருந்து வந்தவை இல்லை என்றாலும்.

இதில் கசப்பான விஷயம், உலகிலேயே மிக அதிகமாக இரண்டாம் வகை நீரிழிவு பதிவான மக்களில் முதலில் வருவது இந்த ஹீலா ஆற்றுப் பீமாக்கள். 1965 முதல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் இவர்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தன. நீரிழிவு பற்றி இன்று மருத்துவர்கள் சொல்லும் எத்தனையோ விஷயம் இவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து தெரிந்தது. ரொம்ப காலம் ‘மரபணு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் சொனோரா மலையில், மைகோபா என்ற ஊரில் இதே பீமா வம்சத்தார் இருக்கிறார்கள், உடலுழைப்பு, பழைய சாப்பாடு. 2006இல் வெளியான ஒப்பீட்டில் அங்கே நீரிழிவு 6.9 சதவீதம், அரிசோனாவில் 38 சதவீதம்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாய்க்கால் வறண்ட பிறகு டெப்பரியும் மெஸ்கீட் காய் மாவும் போய், அரசாங்கப் பொட்டலத்தில் வெள்ளை மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும் வந்தன. வயல்வேலையும் நின்றது. தண்ணீரை எடுத்தால் ஐம்பது வருடம் கழித்து ரத்தத்தில் சர்க்கரையாக வந்து நிற்கும் என்று யாரும் அப்போது நினைத்திருக்க மாட்டார்கள். இப்போது சில குடும்பங்கள் டெப்பரியை மறுபடி பெரிய அளவில் பயிரிட்டு விற்கின்றன.

கே: என் சட்டையில் ‘பீமா காட்டன்’ என்று போட்டிருக்கிறது. அதுவும் இவர்களா?

ப: பெயர் இவர்களுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாக்கடோனில் அமெரிக்க விவசாயத் துறை ஒரு சோதனைப் பண்ணை வைத்து, எகிப்திலிருந்து வந்த நீண்ட இழைப் பருத்தியை வளர்த்துப் பார்த்தது. அங்கே பாடுபட்டவர்கள் பீமாக்கள், அதனால் அந்தப் பெயர். உங்கள் சட்டைப் பருத்தி எங்கே விளைந்ததோ, பெரும்பாலும் அங்கே விளைந்திருக்காது.

கே: சூதாட்ட விடுதிகளால் அவர்கள் இப்போது பணக்காரர்கள் என்று என் அமெரிக்க உறவினர் சொல்கிறார். சரியா?

ப: விடுதிகள் இருக்கின்றன, ஃபீனிக்ஸ் எல்லையை ஒட்டி, வருமானமும் வருகிறது. ஆனால் உங்கள் உறவினர் பார்க்க வேண்டியது வேறு. கொலராடோ ஆறு குறைந்துகொண்டே போவதால் அரிசோனாவில் தண்ணீர் வைத்திருப்பவர்தான் இன்று பெரிய ஆள். 2023இல் மத்திய அரசு இவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 1,25,000 ஏக்கர்-அடியை எடுக்காமல் கொலராடோ ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரியிலேயே விட்டுவைத்தால் ஆண்டுக்கு 5 கோடி டாலர், மூன்று ஆண்டுகளுக்கு. ஒரு காலத்தில் இவர்கள் பட்டினி கிடந்தபோது எட்டிப் பார்க்காத நகரங்களும் இப்போது தண்ணீர்ப் பேச்சில் இவர்களைத் தவிர்க்க முடியாது. கொலராடோவைப் பங்கிடும் 2007ஆம் ஆண்டு விதிகள் 2026 முடிவோடு காலாவதியாகின்றன, அந்தப் பேரத்தில் இவர்கள் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

வாய்க்கால்மேல் மின்தகடு போட்டதும் இந்தத் தண்ணீர்க் கணக்கில்தான், நிழல் விழுந்தால் ஆவியாவது குறையும். மேற்கு அரைக்கோளத்தில் அது முதல் முயற்சி. குஜராத்தில் 2012லேயே செய்தாயிற்று என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கே: ஆற்றில் இப்போது தண்ணீர் ஓடுகிறதா? போனால் பார்க்க முடியுமா?

ப: ஒதுக்கீட்டு நிலத்தில் ஆறு பெரும்பாலான நாட்கள் வறண்ட மணல்தான். பெருவெள்ளம் வந்தால் மட்டும் கரை புரளும், 1993இல் அப்படி வந்தது. ஆனால் சாக்கடோன் பக்கம் ஆற்றுப்படுகையிலேயே தண்ணீரை விட்டு நிலத்தடியில் இறக்கும் இடம் ஒன்றைச் சமூகம் 2015 வாக்கில் தொடங்கியது. தண்ணீரை நிலத்துக்குள் சேமிக்கும் ஏற்பாடுதான், அதோடு நாணலும் வில்லோவும் முளைத்துக்கொண்டன, பறவையும் வந்தது. கூடை பின்னுகிறவர்களுக்கு இந்த இரண்டு செடியும் வேண்டும், பல வருடமாக அவர்கள் அதைத் தேடி வெளியே அலைந்துகொண்டிருந்தார்கள்.

பார்ப்பதற்கு, கூலிட்ஜ் ஊரில் காசா கிராண்டே இருக்கிறது, முன்னோர்கள் 1300களில் கட்டிய நாலடுக்கு மண்வீடு, 1892இலேயே அமெரிக்கா பாதுகாப்பில் எடுத்துக்கொண்ட முதல் தொல்லியல் இடம். மேலே இரும்புக் கூரை போட்டிருப்பார்கள், படம் எடுக்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. ஸ்நேக்டவுன் என்ற பழைய ஊரைத் தேடிப் போகாதீர்கள், 1972இல் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள், ஆனால் தோண்டியதையெல்லாம் மூடிவிட்டார்கள், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, இவர்களும் அது அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். சமூகத்தின் ஹூஹூகம் மரபு மையத்தில் கூடைகளும் பீ போஷ் பெண்களின் சிவப்பு மண்பாண்டங்களும் பார்க்கலாம். ஜூன், ஜூலையில் வெயில் 45 டிகிரி வரை போகும், நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் டிக்கெட் போடுங்கள்.